ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கார்

வெயில் ஏறினால் அந்தக் காரின் கூரைத் துணியிலிருந்து ஒரு வாடை கிளம்பும். புளித்த ரப்பர் பாலும் விறகுப் புகையும் மண்ணெண்ணெயும் ஒன்றாய்க் கலந்த வாடை. முதலில் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் ஏறுவோம். கொஞ்ச நேரத்தில் பழகிப்போகும். கூரை தாழ்வாக இருந்ததால் தலைமுடி அதில் ஒட்டிக்கொள்ளும், இறங்கும்போது இரண்டு முடியாவது அங்கே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். "சாமிக்கு முடி காணிக்கை குடுத்தாச்சு" என்று அம்மா சிரிப்பார்.

ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் சாலையின் முடிவில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கடைசி வகுப்பில் இருந்தேன். அதற்கு மேல் படிக்க எனக்கு வாய்க்கவில்லை, ஆகவே எழுத்தில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்பா, அவர் பெயர் மாணிக்கம், 'ஸ்டோரில்' வேலை செய்தார். ஸ்டோர் என்றால் ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டும் இடம். உருட்டும் மிஷினுக்கு இன்ஜின் ஓட்டுவது அவர் பொறுப்பு. அம்மா லெட்சுமி பால் வெட்டுக்குப் போவார்.

தோட்டத்துக்குள் வரவும் போகவும் ஒரே வழிதான். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கும் வெளிச்சாலைக்கும் நடுவில் ஓர் ஆறு. மற்ற நாளில் முழங்காலளவு தண்ணீர்தான் ஓடும். அதன் மேல் இரண்டு பெரிய அடிமரங்களைப் போட்டு, பலகை அடித்து, லோரி போகும்படி ஒரு பாலம். பாலத்தைத் தாண்டியதும் தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் முனியாண்டி கோயில். தோட்டத்து எல்லை அந்த ஆற்றோடு முடிந்தது.

இதற்கு முன்பே எனக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வலி எடுத்த அன்று தோட்டத்து லோரி தகடு ஏற்றிக்கொண்டு ஈப்போ போயிருந்தது. அப்பா பெரிய ரோட்டுக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டிக்கொண்டு நின்றார், எந்த வண்டியும் நிற்கவில்லை. லோரி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. தம்பியை வெள்ளைத் துணியில் சுற்றி அப்பாவே தூக்கிக்கொண்டு போனார். அம்மா பிழைத்தது முருகன் கொடுத்த பிச்சை. அதன் பிறகு வெகுநாள் அம்மா விளக்கு ஏற்றுவார், கும்பிடுவார், வேலைக்குப் போவார், ஆனால் யாரோடும் பேசமாட்டார்.

அடுத்த முறை அம்மா முழுகாமல் இருந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன பிரசவத்தில் இரத்தம் நிறையப் போயிருக்கிறது, இந்த முறை லயத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி தொடங்கியதும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் தாயும் பிள்ளையும் இரண்டுமே கஷ்டம். அப்பா வீட்டுக்கு வந்ததும் சாமிப் படத்துக்கு முன் நின்று, "லோரிய நம்பி இன்னொரு வாட்டி நிக்க மாட்டேன்" என்றார். சாமியிடம் சொன்னாரா அம்மாவிடம் சொன்னாரா தெரியாது, இருவருமே கேட்டிருப்பார்கள்.

தொரை பங்களாவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பழைய கார் ஒன்று கிடந்தது. முன்னொரு காலத்தில் இருந்த வெள்ளைக்கார தொரை விட்டுப்போனது. முதல் சண்டைக்கும் ஜப்பான்காரன் சண்டைக்கும் நடுவில், சீமையில் சாதாரணக் குடும்பங்களுக்காகச் செய்த சின்ன வண்டி. 'பேபி கார்' என்பார்கள். நான்கு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரலாம். முகப்பில் இரண்டு விளக்கும் முட்டைக்கண் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். சக்கரங்களில் சைக்கிள் மாதிரி கம்பிகள். அப்பா போய்க் கேட்டபோது ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஐயா, அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உது என்னத்துக்கு மாணிக்கம்? அதுக்குள்ள கோழியெல்லோ முட்டை போடுது. வேணுமெண்டால் கொண்டு போம். கொட்டிலாவது துப்புரவாகும்."

நல்ல மனுஷர். பின்னால் அதற்கு வேண்டிய பத்திரங்களை எல்லாம் அவரே அலைந்து சரிசெய்து கொடுத்தார்.

மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். லயமே வாசலுக்கு வந்து சிரித்தது. "டேய் மச்சான், மாணிக்கண்ணே கோழிக்கூடு வாங்கிட்டாரு லா! சக்கரம் வெச்ச கோழிக்கூடு!" உள்ளே உண்மையிலேயே அடைக்கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது, இறங்க மாட்டேன் என்று எல்லோரையும் கொத்தியது. அப்பா சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார், சுத்தியலை எடுத்தார்.

முதல் அடி விழுவதற்குள் ஓடிவந்து சுத்தியலைப் பிடித்துக்கொண்டவர் அஞ்சலை பெரியம்மா. எங்களுக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை. எந்த நாளில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று லயத்துக்கே அவர்தான் சட்டம்.

"ஏண்டா மாணிக்கம், புத்தி இருக்கா ஒனக்கு? வயித்துப் புள்ளக்காரி இருக்கிற ஊட்டு வாசல்ல சுத்தியல ஓங்குறியே! ஆணி அடிக்கக் கூடாது, ஓட்ட போடக் கூடாது, ஒடைக்கக் கூடாது. பந்தாங்! தெரியாதா ஒனக்கு?"

பந்தாங் என்பது மலாய்ச் சொல். செய்யக் கூடாதது என்று பொருள். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூன்று பேருக்கும் பொதுவாய்ப் போன சொல். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடித்தால் அந்த அடி வயிற்றுப் பிள்ளைக்கு விழும் என்பது நம்பிக்கை. இன்றைய பிள்ளைகள் சிரிக்கலாம். நான் வாதாட வரவில்லை. ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு இன்னொன்றுக்குக் காத்திருக்கும் வீட்டில் சுத்தியலை ஓங்கும் தைரியம் யாருக்கு வரும் என்று மட்டும் கேட்கிறேன்.

அப்பா சிம்பாங் பூலாயில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ஆ செங்கைக் கூட்டி வந்தார். ஈயச் சுரங்கத்துப் பம்புகளைப் பழுது பார்த்துத் தொழில் பழகிய சீனர். எப்போதும் காலில் மரக்கட்டைச் செருப்பு. அவர் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், "லூ கீலா கா, மாணிக்கம்? பைத்தியமா?" என்றார், ஆனால் கண் மின்னியது. சுத்தியலைக் கையில் எடுத்தவர், வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்ததும் அதை அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

"ஐயோ. இங்க செய்ய முடியாது லா. பந்தாங். என் பொண்டாட்டி கேட்டா என்னை ஊட்ல சேர்க்க மாட்டா."

அஞ்சலை பெரியம்மா ஜெயித்துவிட்ட முகத்தோடு அப்பாவைப் பார்த்தார். அப்பா காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அம்மா பேசினார்.

"அக்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரு எல்ல?"

"முனியாண்டி எல்ல."

"அங்க அடிக்கிற அடி யாரு கணக்குல வரும்?"

பெரியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "அது... அது சாமி எடம். நம்ம ஊட்டுக் கணக்குல வராது."

"அப்ப வண்டிய அங்க தள்ளுங்க" என்றார் அம்மா. ஆ செங்கும் தலையை ஆட்டினார். ஆறு தாண்டினால் அவர் சாமிக்கும் பரவாயில்லையாம்.

இப்படித்தான் எங்கள் கார் முனியாண்டி கோயில் மரத்தடிக்குப் போனது. மேலே நான்கு தகரம் போட்டுக் கொட்டகை ஆக்கினோம். ஸ்டோர் வேலை முடிந்து அப்பா நேராக அங்கே போவார். பள்ளி விட்டு நானும் போவேன். முதலில் சாமிக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் சுத்தியல் எடுப்பது. அம்மா பாலத்தைத் தாண்ட மாட்டார். இந்தக் கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கூப்பிட்டுக் கேட்பார்: "என்னா ஆச்சு?" நான் கத்துவேன்: "இன்னும் அசையலம்மா!"

இன்ஜின்தான் அசையவில்லை. உள்ளே எல்லாம் துருவேறி இறுகிப்போயிருந்தது. அப்பா முன்பக்கத்துக் கைப்பிடியைப் போட்டுத் திருகிப் பார்த்தார், மூச்சு வாங்க உட்கார்ந்தார், மறுபடி திருகினார். கல்லைத் திருகுவது போலிருந்தது. மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றி ஊற வை என்றார் ஆ செங். எண்ணெயை அம்மா கொடுத்துவிடுவார். சாமி விளக்குக்கு எடுத்த அதே போத்தலிலிருந்து. தினமும் கொஞ்சம் ஊற்றினோம். மழை நாட்கள் போயின, தீபாவளி போனது, ஒன்றும் நடக்கவில்லை. லயத்தில் பேச்சு மாறியது. சிரிப்பு போய் இரக்கம் வந்துவிட்டது. அது இன்னும் கஷ்டம். ஒருநாள் அப்பா கையில் இருந்த துணியை வீசிவிட்டு ஆற்றங்கரைக்கு வந்து, "விட்டுடலாம் லெச்சுமி. என்னால முடியல" என்றார். அம்மா எதிர்க்கரையிலிருந்து, "எண்ண தீந்துடுச்சா? நாளைக்கு வேற குடுத்து விடுறேன்" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஒரு சனிக்கிழமை ஆ செங் வந்து, கியரைப் போட்டு வண்டியை முன்னும் பின்னும் உலுக்கச் சொன்னார். பின்னால் நானும் அப்பாவும் லயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து தள்ளினோம். பல் கிட்டிக்கொண்டது மாதிரி இருந்த வண்டி திடீரென்று 'கொடக்' என்றது. அரைச் சுற்றுதான். ஆனால் அசைந்தது. நான் பாலத்துக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. டயர் எங்கும் கிடைக்காமல் கடைசியில் பெரிய மோட்டார் சைக்கிள் டயர் பொருந்தியது. உளுத்துப்போன மரச்சட்டத்துக்கு, பிரித்துப் போட்ட பழைய புகைக்கூடத்திலிருந்து உளுக்காத நல்ல செங்கால் மரம் கிடைத்தது. முன்னிருக்கை இரண்டும் தனித்தனியாய்க் கொக்கியில் மாட்டி நிற்பவை, கழற்றித் தூக்கிவிடலாம். அம்மா அவற்றை வீட்டுக்கு வரவழைத்து இலவம் பஞ்சு அடைத்து, பழைய சேலையால் உறை தைத்தார். ஊசி பந்தாங் இல்லையா என்று நான் கேட்டேன். "வாய மூடு" என்றார். கூரைக்குத்தான் வழியில்லை. அப்பா கெட்டித் துணி ஒன்றை எடுத்து, வாளி கழுவிய ரப்பர் பாலைப் பல தடவை பூசி, தகடுகளோடு சேர்த்துப் புகை போடும் கூடத்தில் தொங்கவிட்டார். மழை ஒரு சொட்டு இறங்காது. வெயிலில்தான் அந்த வாடையும் முடி பிடுங்கலும்.

வண்டி ஓடியது. கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது, இருமிக்கொண்டே. அப்பா வீட்டுக்கு ஓட்டி வரப் பாலத்தில் ஏறப் போன நேரம் அஞ்சலை பெரியம்மா நடுப்பாலத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"மார்கழி பொறந்து ரெண்டு நாளாச்சு. மார்கழில புது வண்டி ஊட்டுக்குக் கொண்டு வரலாமா? தை பொறக்கட்டும். தேங்கா ஒடைச்சு, எலுமிச்சம்பழம் வெச்சு, மொறையாக் கொண்டாருவோம். அவளுக்கும் தைல தானே நாள் குறிச்சிருக்கு?"

அப்பாவின் முகம் இறுகியது. ஆனால் அம்மாவும் பெரியம்மா சொன்னது சரி என்றார். கார் மறுபடியும் மரத்தடிக்குப் போனது. அவசரத்துக்குப் பாலம் தாண்டி எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த மார்கழி மழை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. பால் வெட்டு இல்லை, பள்ளிக்கும் லீவு. நாள் முழுக்கத் தகரக் கூரையில் இரைச்சல். ஒருநாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவப் போன அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அஞ்சலை பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தைக்குக் காத்திருக்க மாட்டான் போல. மாணிக்கத்த வரச் சொல்லு" என்றார்.

ஸ்டோரிலிருந்து அப்பா ஓடிவந்தபோது பின்னாலேயே செய்தியும் வந்தது. ஆற்றில் வெள்ளம், பாலத்துப் பலகை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அடிமரம் இரண்டும்தான் நிற்கிறது. லோரி, டிராக்டர், தொரையின் ஜீப் எல்லாம் தோட்டத்துக்குள் மாட்டிக்கொண்டன. தோட்டத்து வண்டிகளில் வெளிச்சாலைப் பக்கம் நின்றது ஒன்றே ஒன்று, எங்கள் கோழிக்கூடு.

நாங்கள் ஆற்றங்கரைக்குப் போனபோது தண்ணீர் சிவப்பாய்ச் சுழித்துக்கொண்டு ஓடியது. லயத்து ஆண்கள் எல்லாம் அங்கே வந்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் ஒருவர், வழுக்கினால் இரண்டு உயிர் என்றார் இன்னொருவர், தண்ணீர் வடியட்டும் என்றார் மூன்றாமவர். அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லை. ஓர் அடிமரத்தின் மேல் குந்தியபடியே அந்தக் கரைக்குப் போனார், காரிலிருந்து முன்னிருக்கையைக் கழற்றினார், தலையில் கவிழ்த்துக்கொண்டு அதே மாதிரி திரும்பி வந்தார். இருக்கையைக் கீழே வைத்தார். ஆனால் அதைத் தூக்க நீளமான கம்பு இரண்டு வேண்டும், அடிமரத்துக்கு ஒன்றாக இருபுறமும் வரும்படி குறுக்குக் கட்டை போட்டுக் கட்ட வேண்டும். அவ்வளவு உறுதியான கம்பு லயத்தில் இருந்தது ஒரே இடத்தில்தான். மாரியம்மன் கோயிலில், திருவிழாவுக்குச் சப்பரம் தூக்கும் தண்டுகள். அம்மன் ஏறும் தண்டு. குளிக்காமல் தொடமாட்டார்கள், பெண்களைத் தாண்ட விடமாட்டார்கள்.

எல்லோரும் நினைத்தார்கள், யாரும் சொல்லவில்லை. எல்லோர் கண்ணும் அஞ்சலை பெரியம்மா பக்கம் போனது. மழையில் நனைந்து நின்ற அந்த அம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டார்.

"என்னடா என் மூஞ்சியப் பாக்குறீங்க? போயி எடுத்தாங்கடா! ஆத்தா கோவிச்சா எங்கிட்ட வந்து கேக்கட்டும். அவளும் புள்ள பெத்தவதானே!"

தண்டு வந்தது. இருக்கையை நடுவில் வைத்து, குறுக்குக் கட்டை கொடுத்து, கயிற்றால் இறுக்கினார்கள். அடிமரம் வழுக்காமல் இருக்கச் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். வலது தண்டுக்கு மூன்று பேர், இடது தண்டுக்கு மூன்று பேர். அப்பா தோள் கொடுக்க வந்தபோது அம்மா வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க வேண்டாம். நீங்க போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. நான் வந்துடுவேன்."

அப்பா போனார். நானும் பெரியம்மாவும் அவர் பின்னால் அடிமரத்தில் குதிரை ஏறுவது போல் உட்கார்ந்து நகர்ந்தோம். பெரியம்மா கனத்த உடம்பு. "முனியாண்டி, என்னைத் தள்ளினே, ஒனக்குச் சுருட்டு கெடையாது" என்று மிரட்டிக்கொண்டே வந்தார். அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரும் தண்டைத் தோளில் ஏற்றி, ஒவ்வொரு மரத்தின் மேலும் மூன்று பேராக, ஒருவர் கால் வைத்த இடத்தில் அடுத்தவர் கால் வைத்து, பேச்சில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில், சுழிக்கும் தண்ணீருக்கு மேலே, அம்மா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மழை முகத்தில் அடித்தது. கண்ணை மூடவில்லை. பாதி வழியில் ஒருவருக்குக் கால் சறுக்கியது. சப்பரம், மன்னிக்க வேண்டும், இருக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. மற்ற ஐந்து பேரும் அசையாமல் அப்படியே நின்றார்கள், அவர் காலை எடுத்து வைக்கும் வரை. என் பின்னால் அப்பா வண்டிக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திருகியிருக்க முடியாது. அம்மாவை இறக்கியபோது வண்டி பிடித்துக்கொண்டது.

இருக்கையின் கொக்கி தூக்கி வந்ததில் வளைந்துபோயிருந்தது, மாட்ட முடியவில்லை. அதை அப்படியே உள்ளே வைத்து, அம்மாவை உட்கார்த்தி, நான் பின்னாலிருந்து இருக்கையோடு அம்மாவையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வலியும் என் கைக்குள்ளே வந்து போனது. கண்ணாடியில் தண்ணீர் துடைக்கும் கம்பி வேலை செய்யவில்லை, வழி தெரியவில்லை. "அக்கா, பொகையில இருக்கா?" என்றார் அப்பா. லோரிக்காரர்கள் செய்யும் வேலை அது. புகையிலையைத் தேய்த்தால் கண்ணாடியில் தண்ணீர் தங்காது. பெரியம்மா மடியிலிருந்து கட்டைப் பிரித்துக் கொடுத்தார். பாதிதான் எடுப்பார் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. முழுவதையும் தேய்த்துத் தீர்த்ததும், "அடப்பாவி" என்று ஒரு சொல் சொன்னார், அதோடு சரி.

சிம்பாங் பூலாய் சந்திப்பில் வண்டி நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே போய்விட்டிருந்தது. ஆ செங்கின் பட்டறைக்குக் கூப்பிடு தூரம். அப்பா கத்த வேண்டியிருக்கவில்லை. கட்டைச் செருப்புச் சத்தம் முதலில் வந்தது, பிறகு குடையோடு ஆ செங். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார், ஊதினார். ஒரு பாகம் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. "ஒரு தட்டுத் தட்டு" என்று அப்பா சுத்தியலை நீட்டினார். ஆ செங் காருக்குள் எட்டிப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சுத்தியல் முடியாது. உள்ள ஆள் இருக்கு லா."

"யோவ், அவ துடிக்கிறா!"

ஆ செங் குனிந்து தன் காலிலிருந்த கட்டைச் செருப்பைக் கழற்றினார். அதன் குதிகாலால் மெதுவாக ஒரு தட்டு. "இது செருப்பு" என்று வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர்களுக்குக் கேட்கட்டும் என்பது போல. வலியின் நடுவிலும் அம்மா சிரித்துவிட்டார். வண்டி பிடித்தது. ஒற்றைச் செருப்போடு மழையில் நின்று அவர் கையை ஆட்டியதைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அதற்கப்புறம் வழியெல்லாம் சுண்ணாம்பு மலைகள் வெள்ளையாய் மங்கி மங்கி வந்ததும், பெரியம்மா முருகன் பெயரை விடாமல் சொன்னதும்தான் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். மறுபடியும் இரத்தம் போனதாம். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று அந்த நர்ஸ் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் தம்பி பிறந்தான். முனியாண்டி பெயரைத்தான் வைத்தோம். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அவன் பிறகு அழுதிருக்கிறான். பெயரை மட்டும் மாற்ற அம்மா சம்மதிக்கவில்லை.

தை பிறந்ததும் முறைப்படி தேங்காய் உடைத்து, புதுப்பலகை போட்ட பாலத்தின் மேல் கார் லயத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கர்ப்பிணிகள் அதில் ஏறினார்கள். எந்த வீட்டில் எந்த நேரம் கூப்பிட்டாலும் அப்பா மறுத்ததில்லை. எண்பதுகளில் தோட்டம் கைமாறியது, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், நாங்கள் ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்தோம். இங்கே வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் வந்து கேட்டார். அப்பா பேரம் எதுவும் பேசவில்லை. "ஓட்டுவீங்களா, சும்மா நிறுத்தி வெப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் ஈப்போவில் ஓர் ஊர்வலத்தில் அந்தக் காரைப் பார்த்தோம். பச்சைச் சாயம் பளபளத்தது, கூரைக்கு உயர்ந்த துணி, விளக்கெல்லாம் வெள்ளி மாதிரி. அடையாளம் கண்டது அம்மாதான். அப்பா கிட்டே போகவில்லை. ஓடுகிறதே, அது போதும் என்றார்.

இன்று அந்த இடத்தில் லயம் இல்லை. மரங்கள் இல்லை, வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ஆற்றைக் குழாய்க்குள் அடைத்து மேலே தார் ரோடு போட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் ஆறு ஓடியது என்று காட்டக்கூட ஓர் அடையாளம் இல்லை. மாரியம்மன் கோயிலை எங்கோ மாற்றினார்கள், தண்டுகள் என்ன ஆயின என்று கேட்க ஆள் இல்லை. அப்பாவும் பெரியம்மாவும் ஆ செங்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா என்னோடு இருக்கிறார். தம்பிக்குப் பிள்ளைகள் வளர்ந்து நிற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்த ஆறு பேரையும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். கறுப்பையா, வீராசாமி, சன்னாசி, அர்ச்சுனன், பெரிய ராமு. ஐந்து பெயர்தான் வரும். ஆறாவது ஆள் காம்பார் பக்கத்திலிருந்து சில நாள் வேலைக்கு வந்தவர், பொங்கலுக்கு முன் போய்விட்டார். நன்றி சொல்ல அப்பா காம்பாருக்கே போய்த் தேடினார், கிடைக்கவில்லை. ஒல்லியானவர், இடது பக்க மரத்தில் கடைசியாக வந்தவர். கால் சறுக்கியது அவருக்குத்தான், விடாமல் நின்றதும் அவர்தான். இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அப்பாவாவது, ஒரு மார்கழி மழையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கார் இருக்கையில் வைத்து ஆறு தாண்டிய கதையைச் சொல்லியிருந்தால், தயவுசெய்து அவர் பெயரை எனக்குச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து பெயரைச் சொல்லிவிட்டு, ஆறாவதற்குக் கொஞ்சம் நிறுத்தி, "அந்தத் தம்பி" என்கிறார்.